அண்ணிக்கு விசாரிக்காமல் தூக்கம் வராது

எங்கள் சபையில் யார் வீட்டில் கல்யாணப் பேச்சு எழுந்தாலும் முதலில் ஆயரிடம் போவார்கள். அடுத்து என் அண்ணி சரோஜினியிடம் வருவார்கள். ஆயர் ஜெபம் செய்வார், அண்ணி விசாரிப்பார். இந்த இரண்டில் எது அதிகம் மாப்பிள்ளைகளைத் தள்ளிவிட்டது என்று கேட்டால் நான் யோசிக்காமல் அண்ணியைத்தான் கை காட்டுவேன்.

அனுபவித்தவள் சொல்கிறேன். எனக்கு வந்த வரன்களில் ஒருவன் பெரிய கம்பெனியில் ஆபீசர் என்று சொல்லிக்கொண்டு வந்தான். அண்ணி அவன் வீட்டுப் பக்கமே போகவில்லை. தெருமுனையில் இஸ்திரி போடுகிறவரிடம் பேச்சுக் கொடுத்து, அந்த வீட்டிலிருந்து என்னென்ன துணி வருகிறது என்று கேட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை சட்டை மட்டும்தான் வருகிறதாம். "தினமும் ஆபீஸ் போறவன் சட்டை கசங்காமலா இருக்கும்?" என்றார். வரன் அத்தோடு சரி. பார்க்க லட்சணமான பையன். எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் வருத்தம் உண்டு. என் கணவர் லாசரஸ் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். லாசரஸின் சட்டைகள் அண்ணியின் எல்லாச் சோதனையிலும் தேறின.

அண்ணியின் முறை எப்போதும் ஒன்றுதான். "வீட்டுக்காரனைக் கேட்டா நல்லதைத்தான் சொல்லுவான். அந்த வீட்டுக்கு வந்து போறவங்களைக் கேக்கணும்" என்பார். பால் போடுகிறவர், தண்ணீர் கேன்காரர், எதிர்வீட்டு வேலைக்காரம்மா, மளிகைக்கடை. இவர்களிடம் அண்ணி எதையும் நேராகக் கேட்க மாட்டார். வெயிலைப் பற்றி ஆரம்பித்து வேண்டிய இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பள்ளி அலுவலகத்தில் கிளார்க் வேலை அவருக்கு. அதே பள்ளியில்தான் நான் கணக்கு டீச்சர். லீவு கேட்டு வருகிற பெற்றோர் அண்ணியின் மேஜையைத் தாண்டுவதற்குள் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்.

அண்ணன் அசரியா இதற்கு நேர் எதிர். யாரையும் ஒன்றும் கேட்க மாட்டார், யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுவார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்கிற ஒரு தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்ஸ் இன்சார்ஜ். எங்கள் வீடு சேலையூரில். கீழே அண்ணனும் அண்ணியும், மாடியில் நானும் லாசரஸும். அவர்களுடைய ஒரே மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். விடிந்ததும் சாப்பாட்டு டப்பாவோடு தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய் ரயில் ஏறுவதும், பொழுது சாயும்போது திரும்பி வருவதுமாக அண்ணனின் வாழ்க்கை வருஷக்கணக்கில் ஒரே தண்டவாளத்தில் ஓடியது.

2009 தொடங்கியபோது அது நின்றது. அமெரிக்காவில் எதுவோ கவிழ்ந்ததாம், அதனால் இங்கே கார் விற்கவில்லையாம், அதனால் அண்ணனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அமெரிக்காவுக்கும் அசரியாவுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அண்ணன் வழக்கமான ரயிலில்தான் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, "நாளையிலேர்ந்து வேலைக்குப் போக வேணாம்னுட்டாங்க" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். பிறகு குளிக்கப் போய்விட்டார். அதற்கப்புறம் அந்த வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

மகளின் படிப்பு முடிய இன்னும் காலம் இருந்தது. அண்ணியின் சம்பளத்தில் வீடு ஓடும், படிப்பு ஓடாது. நாங்கள் கொடுத்தாலும் அண்ணன் வாங்க மாட்டார். அவர் வேலை தேட ஆரம்பித்தார். தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தார். இப்போதெல்லாம் வேலை இன்டர்நெட்டில்தான் இருக்கிறது என்று எல்லோரும் அதையே சொல்லி அனுப்பினார்கள். சரி, அங்கேயே போய் எடுத்துக்கொள்வோம் என்று கேம்ப் ரோட்டில் ஷாகுல் நடத்திய பிரவுசிங் சென்டருக்குப் போனார்.

அங்கேதான் முதல் கூத்து நடந்தது. ரெஸ்யூம் எழுத ஒரு மாதிரி வேண்டுமே என்று அண்ணன் வீட்டிலிருந்த பென் டிரைவை எடுத்துப் போயிருந்தார். அது அண்ணியுடையது. சபைப் பிள்ளைகளின் கல்யாண விவரங்கள்தான் அதில் இருந்தன. அதில் ஒன்றைத் திறந்து, பெண்ணின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு, மற்றதையெல்லாம் வரிசையாக இரண்டு விரலால் நிரப்பிவிட்டார். அப்பா பெயர், தாத்தாவின் சொந்த ஊர், எந்தச் சபை, ஞானஸ்நானம் எங்கே, வீட்டு விலாசம், வீட்டு போன், கைபேசி, மனைவிக்கு என்ன வேலை, மகள் எங்கே படிக்கிறாள், எந்த ஹாஸ்டல். உயரம். நிறம்: மாநிறம். ஸ்டோர்ஸ் வேலை பார்த்த விஷயம் கடைசியில் ஒரு வரியில் வந்தது. அதை அப்படியே ஒரு வேலைவாய்ப்புத் தளத்தில் ஏற்றி, உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற கட்டத்திலும் டிக் அடித்துவிட்டு, நிம்மதியாக வீட்டுக்கு வந்தார்.

கொஞ்ச நாளில் மெயில் வந்தது. தொடக்கமே, "ஆண்டவருடைய நாமத்தில் அன்பான வாழ்த்துகள், சகோதரரே." கேளம்பாக்கத்தில் தலைமை அலுவலகம், பழைய மகாபலிபுரம் சாலையில் பெரிய பெரிய கட்டுமானங்கள், ஸ்டோர்ஸ் மேனேஜர் பதவி, பழைய சம்பளத்தைவிடக் கூட. இன்டர்வியூ கிடையாது. உங்களைப் போன்ற விசுவாசியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம், இதோடு நியமன உத்தரவை இணைத்திருக்கிறோம் என்று முத்திரையும் கையெழுத்துமாக ஒரு காகிதம். கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினாலும் கோபித்துக்கொள்ள அப்படி ஒரு கம்பெனி இல்லை.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. ஷூவை எடுத்துப் பாலிஷ் போட ஆரம்பித்துவிட்டார். "நம்ம ஆளுங்க, டெபோ. பாரு, எப்படி ஆரம்பிச்சிருக்காங்க பாரு" என்று என்னிடம் அந்தக் காகிதத்தை நீட்டினார். வாயெல்லாம் பல். இரண்டு மாதமாக நான் அந்தப் பற்களைப் பார்க்கவில்லை. அதனால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

கடைசிப் பத்தியை அண்ணிதான் சத்தமாகப் படித்தார். திங்கட்கிழமை காலை அசல் சான்றிதழ்கள் எல்லாவற்றையும் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். பத்தாம் வகுப்பு, பாலிடெக்னிக் டிப்ளமோ, அனுபவச் சான்றிதழ், பாஸ்போர்ட் இருந்தால் அதுவும். பயிற்சிக் காலம் முடிந்ததும் திருப்பித் தரப்படும்.

இதில் அண்ணனுக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. எனக்கும்தான் வரவில்லை. நம் ஊரில் ஒரிஜினலை வாங்கி வைத்துக்கொள்ளாத இடம் எது? பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது வாங்கி வைத்தார்கள். முதல் வேலையில் வாங்கி வைத்தார்கள். நான் பி.எட். படித்த கல்லூரியில் என் மதிப்பெண் பட்டியல் என்னைவிட அதிக நாள் குடியிருந்தது. ஒரிஜினல் கேட்டால்தான் பெரிய இடம் என்று பழகிப்போன ஜனங்கள் நாங்கள்.

அண்ணிக்கு மட்டும் மூக்கில் வியர்த்தது. "நம்ம ஆளுங்கன்னா எந்தச் சபை?" என்றார்.

"அதெல்லாம் மெயில்ல எழுதுவாங்களா, சரோ?"

"நீங்க எழுதியிருக்கீங்களே. தாத்தா ஊர் வரைக்கும் எழுதியிருக்கீங்க. அதைப் படிச்சுட்டுத்தான் அவன் ஸ்தோத்திரம் சொல்றான்."

அண்ணன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அன்று மாலையே அண்ணி, காகிதத்தில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன். மறுமுனையில் தேன் ஒழுகும் குரலில் ஒரு ஆண். அண்ணி வெயிலில் ஆரம்பித்தார், கேளம்பாக்கத்தில் தண்ணீர் கஷ்டம் உண்டா என்று கேட்டார், மெதுவாக வந்து, "தம்பி எந்தச் சபைக்குப் போறீங்க?" என்றார். "எல்லாச் சபையும் நமக்கு ஒண்ணுதானே, சிஸ்டர்" என்றான். "ஆபீஸ்ல எத்தனை பேரு இருக்கீங்க? மத்தியான சாப்பாடு உள்ளயே தருவாங்களா?" என்று அண்ணி விடாமல் கேட்க, "உங்க குடும்பத்துக்காக ஜெபிக்கிறேன், சிஸ்டர்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

அடுத்த நாள் நாங்கள் இருவரும் ஷாகுலிடம் போய் அந்த மெயிலைக் காட்டினோம். ஷாகுல் எங்கள் பள்ளியில் படித்தவன். பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினான்.

"அக்கா, கம்பெனின்னா மெயில் ஐடி கம்பெனி பேர்லயே முடியும். இது யாரு வேணும்னாலும் ஓசியில ஆரம்பிக்கிற ஐடி. நான் இப்பவே ஏர் இந்தியான்னு ஒண்ணு ஆரம்பிச்சுக் காட்டட்டுமா?"

"அப்போ வாடகை வீட்டுல இருந்துக்கிட்டு சொந்த வீடுன்னு சொல்றான்" என்றார் அண்ணி.

"ம்ம்... அப்படியும் வெச்சுக்கலாம். இன்டர்வியூ இல்லாம நேரா ஆர்டர் குடுக்கறதும் சரியில்லக்கா. ஆனா சின்ன கம்பெனிங்க சிலதும் இந்த மாதிரி ஐடிதான் வெச்சிருக்கும். ஆளு இருக்கானான்னு நேர்ல பாத்துடறது நல்லது."

நேரில் பார் என்று அண்ணியிடம் சொன்னால் கேட்க வேண்டுமா? சனிக்கிழமை பள்ளி விடுமுறை. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு வரன் விசாரிக்கப் போகிறோம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டு, தாம்பரத்தில் கேளம்பாக்கம் பஸ் ஏறினோம். வண்டலூர் தாண்டி மாம்பாக்கம் வழியாகப் பஸ் ஆடி ஆடிப் போனது. வழியெல்லாம் எனக்கு ஒரு பக்கம் பயம், ஒரு பக்கம் அண்ணி மேல் எரிச்சல். ஒருவேளை உண்மையான கம்பெனியாக இருந்து, மனைவியும் தங்கையும் வேவு பார்க்க வந்தார்கள் என்று தெரிந்தால் கிடைத்த வேலையும் போகுமே என்று முணுமுணுத்தேன். "போற வேலை விசாரிச்சா போகாது" என்று சொல்லிவிட்டு அண்ணி ஜன்னலோரம் தூங்கிப்போனார்.

ஜங்ஷனில் இறங்கி விலாசம் கேட்டு நடந்தோம். கட்டிடம் இருந்தது, அதுவே எனக்குப் பெரிய ஆறுதல். மூன்று மாடி, முன்பக்கம் கண்ணாடிகூடப் போட்டிருந்தார்கள். நான் படியேறப் போனேன். அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து எதிர்ச்சாரியில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப் போனார்.

டீக்கடைக்காரருக்கு அண்ணியின் வெயில் பேச்சு பிடித்துவிட்டது. டீ பாதி குடித்த பிறகு அண்ணி, "மேல அவ்ளோ பெரிய ஆபீசு. உங்களுக்கு டீ வியாபாரம் நல்லா ஓடும்ல?" என்றார்.

"மேலயா? மேல இன்னாம்மா கீது, புறாதான் கீது" என்று சிரித்தார் அவர். "முன்னால கண்ணாடி போட்டுட்டாங்க, பின்னால செவுரே இல்ல. ஓனருக்கும் அவுரு தம்பிக்கும் கேஸு நடந்துகினு கீது. நீங்களும் வேலை கேட்டு வந்தீங்களா? அதோ கீறாரு பாரு வாட்ச்மேனு, அவரைப் போயி கேளு."

வாட்ச்மேன் தசரதன் எங்களைப் பார்த்ததுமே தலையில் அடித்துக்கொண்டார். "பேஜாரா பூட்ச்சும்மா எனுக்கு. தெனம் ஒருத்தர் காயிதத்தை தூக்கிகினு வந்து நிக்கறாங்க. இங்க ஆபீசும் இல்ல, ஒண்ணும் இல்ல. போன வாரம் ஒரு பொண்ணு, கேட்டாண்ட நின்னு அழுதுகினு இருந்துச்சு. சர்ட்டிபிகேட்டெல்லாம் எவனாண்டயோ குடுத்துட்டுதாம். இப்ப அதைத் திருப்பிக் குடுக்கணும்னா துட்டு வெட்டுன்றானாம். நானு இன்னா பண்ணுவேன், சொல்லு?"

அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாக இருந்தது. கூடவே வெட்கமில்லாமல் ஒரு நிம்மதியும் வந்தது. நல்லவேளை, நமக்கு இன்னும் திங்கட்கிழமை வரவில்லை. அண்ணனுக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று பஸ்ஸில் வரும்போதே பேசி வைத்துக்கொண்டோம். போன் அடித்துப் பார்த்தோம், எடுக்கவில்லை. தூங்குவார் என்று நினைத்தோம்.

வீடு பூட்டியிருந்தது. அண்ணியிடம் இருந்த சாவியால் திறந்தால், அண்ணனின் கைபேசி டிவி மேல் சார்ஜில் கிடந்தது. பீரோ கதவு ஒருக்களித்திருந்தது. சான்றிதழ் ஃபைல் இருக்கும் தட்டு காலி. பாலிஷ் போட்ட ஷூவையும் காணோம்.

எதிர்வீட்டு ஞானஜோதி வாசலுக்கு வந்து, "அண்ணனுக்கு வேலை கிடைச்சிடுச்சாமே, சொல்லவே இல்ல?" என்றாள். "ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சாம். எதுக்கு அவ்ளோ தூரம் வரணும், நாங்களே தாம்பரம் வரோம்னாங்களாம். பச்சை ஃபைலைத் தூக்கிக்கிட்டு அப்பவே ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. ஸ்வீட் எப்போ?"

அண்ணிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாங்கள் போன் போட்டுக் கேள்வி கேட்டதுதான் அவனை அவசரப்படுத்தியிருக்க வேண்டும். ஆட்டோ பிடித்தோம். கேம்ப் ரோட்டில் அன்றைக்கென்று எல்லா வண்டியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றது. யாரைப் பார்த்தாலும் கேள்வி கேட்கிற அண்ணி, ஆட்டோக்காரரிடம் வாடகைகூடக் கேட்காமல் ஏறியிருந்தார். நான்தான் பேசிக்கொண்டே வந்தேன். அண்ணனைத் திட்டினேன், ஷாகுலைத் திட்டினேன், அமெரிக்காவையும் ஒரு முறை திட்டினேன்.

ஸ்டேஷனின் கிழக்கு வாசலில், டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்துத் திட்டில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். தனியாக. பேயறைந்த முகம். மடியில் இருந்ததைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். பச்சை ஃபைல்.

"வேலை போச்சு, சரோ" என்றார் அண்ணியைக் கண்டதும். நாங்கள் எப்படி அங்கே வந்தோம் என்றுகூடக் கேட்கவில்லை.

"ஒரிஜினல்?" என்றார் அண்ணி.

"நான்தான் கெடுத்துக்கிட்டேன். ஒரு கையெழுத்து கேட்டேன். அதுக்குப் போயிட்டான்."

நடந்தது இதுதான். டை கட்டிய ஒருவன் வந்திருக்கிறான். ஸ்தோத்திரம் சொல்லிக் கை கொடுத்திருக்கிறான். ஃபைலைக் கொடுங்கள் என்றிருக்கிறான். அண்ணன் ஃபைலோடு ஒரு வெள்ளைத்தாளையும் நீட்டியிருக்கிறார். எந்தெந்தச் சான்றிதழ், அதன் எண், வாங்கியவர் பெயர், பதவி, கையெழுத்து. ஸ்டோர்ஸில் இருந்த காலம் முழுக்க அண்ணன் கையெழுத்து வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூட வெளியே விட்டதில்லை. ஒருமுறை முதலாளியே மூக்குக்கண்ணாடி துடைக்கத் துணி கேட்டு வந்தபோது சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார் என்று அங்கே வேலை பார்த்தவர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். அவரைப் பொறுத்தவரை இது சந்தேகம் இல்லை, மரியாதை. பொருள் கை மாறினால் சீட்டு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

"பிரதர், நமக்குள்ள எதுக்கு இதெல்லாம்? விசுவாசம்தானே முக்கியம்னான்" என்றார் அண்ணன். "விசுவாசம் வேற, ஸ்டோர்ஸ் வேற சார்னேன். பேரு, பதவி, கையெழுத்து மூணும் போட்டுக் குடுங்கன்னேன். ஐடி கார்டு காட்டினா நம்பரையும் எழுதிக்கிறேன்னேன். ஹெட் ஆபீசைக் கேட்டுட்டு வரேன்னு போனை எடுத்துக்கிட்டு அந்தப் பக்கம் போனான். ஆளு வரவே இல்லை. செங்கல்பட்டு வண்டி ரெண்டு போயிடுச்சு. நான் கையெழுத்து கேட்டிருக்கக் கூடாது."

அண்ணி அந்தத் திட்டிலேயே, அண்ணனுக்குப் பக்கத்தில், புடவை அழுக்காவதைப் பற்றிக் கவலைப்படாமல் உட்கார்ந்தார். ஃபைலை வாங்கித் திறந்தார். பத்தாம் வகுப்பு இருந்தது. டிப்ளமோ இருந்தது. அனுபவச் சான்றிதழ் இருந்தது. ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. டிக்கெட் வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது. எனக்கும் கண்ணீர் வந்துவிட்டது. அண்ணன் ஒன்றும் புரியாமல் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கேளம்பாக்கத்தில் பார்த்ததைச் சொன்னோம். புறாவைச் சொன்னோம், வாட்ச்மேனைச் சொன்னோம், அழுத பெண்ணைச் சொன்னோம். அண்ணன் கேட்டுக்கொண்டே வந்தார். முகத்தில் முதலில் ரத்தம் வற்றியது, பிறகு திரும்பி வந்தது. ஃபைலை வாங்கி மூடியபடி, "அவங்க ஒருத்தங்கதான் ஏன் வேலை போச்சுன்னு கேக்கலை. அதனாலதான் எனக்குப் பிடிச்சுது" என்றார். ஸ்டேஷன் கடையில் மூன்று காபி வாங்கினேன். சர்க்கரை கொட்டிக் கிடந்தது, ஆறியும் போயிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக ஒரு காபி குடித்ததில்லை.

அன்றே போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தோம். வாங்கிக்கொண்டார்கள். அதற்குமேல் என்ன ஆனது என்று எனக்குத் தெரியாது. ஷாகுல் அந்த வேலைத்தளத்துக்குப் புகார் எழுதினான், அந்தப் போலிக் கம்பெனி அங்கேயும் கொடுத்திருந்த விளம்பரம் காணாமல் போனது. அழுத பெண் யார் என்று கண்டுபிடிக்க அண்ணி பிறகு இரண்டு முறை கேளம்பாக்கம் போய் வந்தார். மூன்றாவது முறை தசரதன் அவளுடைய ஊரை விசாரித்து வைத்திருந்தார். அவளையும் எங்கள் ஆயர் மூலம் பிடித்து, அவள் அப்பாவோடு போலீசுக்கு அனுப்பி வைத்தோம். அவள் பள்ளியிலும் கல்லூரியிலும் நகல் சான்றிதழுக்கு எழுதிப் போட்டு வாங்கிவிட்டாள் என்று கேள்விப்பட்டதும் அண்ணி அந்த வாரம் முழுக்க நல்ல மூடில் இருந்தார்.

அதற்குப் பிறகு வேலை தேடும் பொறுப்பை அண்ணி கையில் எடுத்துக்கொண்டார். முதலில் அந்தக் கல்யாண ரெஸ்யூமை ஷாகுலை விட்டு இறக்க வைத்தார். புதிதாக எழுதியதில் தாத்தா போனார், சபை போனது, மகளின் ஹாஸ்டல் போனது. மாநிறமும் போனது. வீட்டு விலாசத்துக்குப் பதில் கிழக்குத் தாம்பரம் என்று மட்டும் இருந்தது. வேலைக்கென்று தனியாக ஒரு மெயில் ஐடி. முன்பு கடைசி வரியில் ஒண்டியிருந்த ஸ்டோர்ஸ் இப்போது பக்கம் முழுக்க உட்கார்ந்தது. என்னென்ன சரக்கு பார்த்தார், கம்ப்யூட்டரில் இருப்புக் கணக்கு எப்படி வைத்தார், ஆடிட்டில் ஒரு குறைகூட வராதது எல்லாம் வந்தன. "பொண்ணு பாக்க வர்றவங்ககிட்ட நகையைக் காட்டினா போதும், பீரோ சாவியைக் குடுக்க வேணாம்" என்று அண்ணி ஷாகுலுக்கு விளக்கினார். அவன் அதைத் தன் கடைச் சுவரில் எழுதி ஒட்டலாமா என்று கேட்டான்.

தினமும் காலையில் கூட்டம் வருவதற்கு முன் அண்ணன் போய் உட்கார்ந்துவிடுவார். கண்டதற்கெல்லாம் அனுப்பாமல், ரயில் போகிற தூரத்தில், ஸ்டோர்ஸ் வேலை மட்டும் பார்த்தார். தளத்தில் ஒரு கம்பெனி விளம்பரம் கொடுத்தால், அந்தக் கம்பெனியின் சொந்தப் பக்கத்துக்குப் போய் அங்கேயும் அந்த வேலை இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் அண்ணியிடம் விலாசம் வந்து சேரும். சனிக்கிழமைகளில் அண்ணி அங்கே டீ குடிக்கப் போவார். தென்சென்னையில் அந்த வருஷம் அண்ணி டீ குடிக்காத தொழிற்பேட்டை கிடையாது. "மத்தியானம் ஷிப்ட் முடியறப்போ ஜனங்க சிரிச்சுக்கிட்டு வெளிய வர்றாங்க, எழுதிப் போடுங்க" என்று பல்லாவரத்தில் இருந்த ஒரு பம்ப் கம்பெனியைப் பற்றிச் சொன்னார். அண்ணன் எழுதிப் போட்டார்.

அங்கிருந்து மெயில் வந்தது. கம்பெனி பெயரிலேயே முடிகிற மெயில். ஸ்தோத்திரம் இல்லை, வாழ்த்து இல்லை. வந்து பாருங்கள், சான்றிதழ்களின் நகல் கொண்டு வாருங்கள், அசலைக் காட்டிவிட்டு எடுத்துப் போகலாம் என்று மட்டும் இருந்தது. அண்ணன் அதே ஷூவைப் போட்டுக்கொண்டு போனார்.

மாலை நான்கு மணி சுமாருக்குத் திரும்பினார். நானும் அண்ணியும் பள்ளியிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்டிருந்தோம். உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார்.

"கேட்டாங்க சரோ. அப்படிக் கேட்டாங்க" என்றார். குரலில் களைப்பே இல்லை. "ஒருத்தர் மாத்தி ஒருத்தர். எந்தச் சரக்கை எங்க அடுக்குவீங்க, துரு பிடிச்சா யாரு பொறுப்பு, லாரி லேட்டா வந்தா என்ன பண்ணுவீங்க. பழைய இடத்துக்கு எனக்கு முன்னாடியே போனைப் போட்டு என்னைப் பத்திக் கேட்டாங்க. அப்புறம், ஏன் உங்களை அனுப்பினாங்கன்னு கேட்டாங்க."

அண்ணன் கழற்றிய ஷூ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சொன்னேன். ஆர்டர் இல்லை, ஆள் குறைச்சாங்க, என்னையும் அனுப்பிட்டாங்கன்னு சொன்னேன். அந்தப் பெரியவர் தலையை ஆட்டினாரு, அடுத்த கேள்விக்குப் போயிட்டாரு. அவ்ளோதான் சரோ. அதுக்குப் போயி நான் இத்தனை நாளா..." என்று நிறுத்தினார். "ஒண்ணாம் தேதியிலேர்ந்து வரச் சொல்லிட்டாங்க."

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. மாடிக்கு ஓடி லாசரஸுக்குப் போன் போட வேண்டும், திருச்சிக்குப் போன் போட வேண்டும், ஞானஜோதிக்கு ஸ்வீட் வாங்க வேண்டும். எழுந்துகூட விட்டேன். ஆனால் அண்ணி நகரவில்லை. அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஊர்ல எல்லாரையும் கேட்டிருக்கேன்" என்றார் மெதுவாக. "உங்களை ஒரு வார்த்தை கேக்கலையே. வேலை போன அன்னைக்கு என்ன நடந்துச்சுங்க?"

அண்ணன் ஒரு ஷூவைக் கையில் வைத்தபடியே சொன்னார். காலையிலேயே சொல்லிவிட்டார்களாம். சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டார்களாம். பத்து மணிக்கெல்லாம் வெளியே வந்துவிட்டாராம். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தால் தெருவில் யாராவது கேட்பார்களே என்று சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிட்டாராம். வழக்கமான ரயில் வரும் வரைக்கும்.

"மத்தியானம் சாப்பிட்டீங்களா?" என்றார் அண்ணி.

"இல்ல. சாப்பாடு இறங்கலை. பிளாட்பாரத்துல ஒரு நாய் இருந்துச்சு, அதுக்கு வெச்சுட்டேன். டப்பா அப்படியே திரும்பி வந்தா நீ கண்டுபிடிச்சிடுவேன்னு குழாயில கழுவிட்டு வந்தேன்."

அண்ணி எழுந்து உள்ளே போனார். அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டது, வாணலி வைக்கும் சத்தம் கேட்டது. சாப்பிடுகிற நேரமே இல்லை அது. அண்ணன் மறுபேச்சில்லாமல் கையைக் கழுவிக்கொண்டு வந்து, தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.